வெட்டும் முனை பொது, ஓட்டும் முனை தனி: பழைய டிராக்டர்களுக்கு இடையே சிக்கிள் மோவர் மாற்றிப் பூட்டுவது பற்றிய மதிப்பீடு

ஃபோர்டு 9என், 8என், ஃபார்மால் கப், ஃபார்மால் ஏ, அல்லிஸ்-சால்மர்ஸ் பி, ஜான் டீரின் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் என்று 1930களின் இறுதி தொடங்கி 1950கள் வரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான டிராக்டர்களில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்காகச் செய்யப்பட்ட சிக்கிள் மோவர்களும், அதாவது முன்னும் பின்னுமாக ஓடும் நீண்ட கத்தியால் தீவனப் புல்லை அறுக்கும் கருவிகளும், இன்னும் கிடைக்கின்றன. ஆனால் டிராக்டரும் அதற்கே உரிய மோவரும் ஒரே கொட்டகையிலிருந்து சேர்ந்து விற்பனைக்கு வருவது அரிது. டிராக்டர் ஓரிடத்தில் வாங்கப்படுகிறது, மோவர் வேறோரிடத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது, உதிரிப் பாகங்கள் மூன்றாவது ஓரிடத்தில் எஞ்சியிருக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று பொருத்த முடியுமா, முடிந்தால் எதுவரை என்ற அளவுகோலை வைத்தே, ஃபோர்டு 501, ஜான் டீர் எண் 5, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப்-22, அதே நிறுவனத்தின் 1300 ஆகிய நான்கு மோவர்களையும் இங்கே எடைபோடுகிறேன். எந்த மோவர் நன்றாக அறுக்கிறது என்பது இங்கே இரண்டாம் கேள்விதான், ஏனெனில் சரியாகச் சீர்செய்யப்பட்டால் நான்குமே நன்றாக அறுக்கும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிக்கிள் மோவரின் வெட்டும் முனையில் பெரும்பாலான பாகங்கள் நிறுவனம் பாராமல் பொருந்தும். டிராக்டரோடு சேரும் முனையிலோ, பார்வைக்குப் பொருந்துவதுபோல் இருப்பவைகூட வேகம், திசை, நீளம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் ஏமாற்றிவிடும். ஆகவே மோவரை விலைபேசுபவர் கத்தியை ஒரு நிமிடமும், எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. இணைப்பைப் பத்து நிமிடமும் பார்க்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெட்டும் முனை ஏன் இவ்வளவு பொதுவாக இருக்கிறது என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. ஓபெட் ஹசி 1833இல் காப்புரிமை பெற்ற அறுவடை இயந்திரத்திலேயே, முக்கோணப் பற்கள் வரிசையாகப் பதித்த கத்தி, பிளவுபட்ட இரும்பு விரல்களுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடியது. சைரஸ் மெக்கார்மிக்கின் காப்புரிமை அடுத்த ஆண்டு, 1834இல் வந்தது. 1902இல் மெக்கார்மிக், டீரிங் உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் உருவானபோது, போட்டியாளர்களாக இருந்தவர்களின் பாகங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. குதிரை இழுத்த மோவர்களிலிருந்து டிராக்டர் மோவர்களுக்கு மாறியபோதும் அறுக்கும் அமைப்பை யாரும் புதிதாக யோசிக்கவில்லை. விரலுக்கு விரல் 3 அங்குல இடைவெளி, கத்தியில் பதித்த ஒவ்வொரு முக்கோணப் பிளேடின் அகலம் 3 அங்குலம், கத்தியின் ஓட்டமும் 3 அங்குலம் என்ற கணக்கு நிலைத்துவிட்டது. இந்தக் கணக்குப்படி கத்தியையும் விரல்களையும் தாங்கும் கட்டர் பார் 5 அடியாக இருந்தால் அதில் 20 பிளேடுகளும், 6 அடியில் 24, 7 அடியில் 28 பிளேடுகளும் அமைகின்றன.

எனவே, பிளேடுகளைப் பொறுத்தவரை பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு. இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படும் 3 அங்குலப் பிளேடுகளில் ஒன்று நிச்சயம் பொருந்தும். அகலம் ஒன்றாக இருந்தாலும் ரிவிட் துளைகளுக்கு இடையிலான தூரம், துளையின் விட்டம், தகட்டின் தடிமன், முனைவரையிலான நீளம் ஆகியவை மாறுபடலாம் என்பதால், பழைய பிளேடு ஒன்றைக் கழற்றி எடுத்துச்சென்று புதியதன்மேல் வைத்துப் பார்த்து வாங்குவதே நம்பகமான வழி. விளிம்பு வழவழப்பானதா பற்கள் வெட்டியதா என்பது பொருத்தத்தைப் பற்றிய கேள்வியன்று, பயிரைப் பற்றிய கேள்வி. மெல்லிய புல்லுக்கு வழவழப்பான விளிம்பு நன்றாக அறுக்கும், அதைச் சாணை பிடிக்கலாம். தடித்த தண்டுகளுக்குப் பல்வெட்டிய விளிம்பு வழுக்காமல் பிடிக்கும், ஆனால் பற்கள் மேற்பரப்பில் இருந்தால் தேய்ந்தபின் மாற்றத்தான் வேண்டும். பற்களை அடிப்புறத்தில் வெட்டிய பிளேடுகளை மேற்புறத்தில் சாணை பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், இரண்டுக்கும் நடுவான வழியாக நான் அவற்றையே பரிந்துரைப்பேன். ரிவிட்டுக்குப் பதிலாகப் போல்ட் போடும் பிளேடுகள் வயலிலேயே மாற்றுவதற்கு வசதியானவை. ஆனால் ரிவிட்டுக்காக வடிவமைத்த பழைய கட்டர் பாரில் போல்ட்டின் தலையும் நட்டும் அழுத்துக் கிளிப்புகளிலோ தேய்மானத் தகடுகளிலோ இடிக்கின்றனவா என்று கத்தியைக் கையால் முழு ஓட்டமும் தள்ளிப் பார்க்காமல் இயக்கக் கூடாது.

கார்டு எனப்படும் கூர்முனை விரல்களும் ஓரளவுக்குப் பொதுவானவையே. இடைவெளி ஒன்றாக இருப்பதால் வேறு நிறுவனத்தின் கார்டு போல்ட் துளையில் உட்கார்ந்துவிடும். ஆனால் போல்ட்டின் தடிமனும், பாரின் விளிம்பில் கார்டு உட்காரும் குதியின் வடிவமும் வேறாக இருந்தால், விரல் சற்றே மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும். அப்போது விரலுக்குள் ரிவிட் செய்திருக்கும் லெட்ஜர் தகடும் உயரம் மாறி நிற்கும். பிளேடும் லெட்ஜர் தகடும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல ஒன்றையொன்று உரசியபடி ஓட வேண்டியவை. அவற்றுக்கு இடையே இடைவெளி விழுந்தால் புல் அறுபடாமல் மடிந்து உள்ளே சிக்கும், மோவர் அடைத்துக்கொள்ளும், உரிமையாளர் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து மீண்டும் பிளேடு வாங்குவார். கலந்த கார்டுகளைப் போடுபவர்கள் பார் நெடுகப் பார்வையை ஓடவிட்டு, உயரம் மாறியவற்றைச் சுத்தியலால் தட்டி வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். வளையக்கூடிய வார்ப்பிரும்பாலோ அடித்து உருவாக்கிய எஃகாலோ செய்தவை இதற்கு இணங்கும், சாதாரண வார்ப்பிரும்பாக இருந்தால் உடையும். ஒரு பாரில் வெவ்வேறு வகைகளை மாறி மாறிக் கலந்து போடுவதைவிட, நல்ல நிலையில் இருக்கும் பழையவற்றை ஒருபுறமாகத் திரட்டிப் போட்டுவிட்டு மறுபுறம் முழுவதும் ஒரே வகைப் புதியவற்றைப் போடுவது சீர்செய்யும் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

கத்தியின் மேல் அமரும் அழுத்துக் கிளிப்புகளையும் கத்தித் தண்டின் பின்புறத்தைத் தாங்கும் தேய்மானத் தகடுகளையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளிப்புக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்க வேண்டும், கத்தி கையால் தள்ளினால் நகர வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறினால் யாருடைய கிளிப்பாக இருந்தாலும் சரி.

பொதுத்தன்மை முடியும் இடம் கத்தித் தலை. கத்தித் தண்டின் உள்முனையில், சுழற்சியைக் கத்தியின் முன்பின் ஓட்டமாக மாற்றும் பிட்மேன் தண்டு வந்து பற்றிக்கொள்ளும் அந்தத் துண்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி செய்தது. சிலவற்றில் உருண்டை, சிலவற்றில் தட்டையான காது, சிலவற்றில் தலையின் இருபுறமும் வழிகாட்டித் தகடுகள் இருந்தன. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாதிரிகளுக்கு இடையேயும் தலை மாறும். ஆகவே ‘7 அடிக் கத்தி, முழுமையானது’ என்று மட்டும் எழுதியிருக்கும் விற்பனைக் குறிப்பை நம்பி வாங்குவது வீண். முழுக் கத்தியைத் தேடி அலைவதைவிட, துளையிட்ட வெற்றுத் தண்டை வாங்கி நீளத்துக்கு வெட்டி, தன் மோவரின் பழைய தலையைக் கழற்றி அதில் ரிவிட் செய்துகொள்வது சிக்கனமானது, பொருந்துவதும் உறுதி. இதனால் தேய்ந்த கத்தியைக்கூட எறியக் கூடாது. தலை நன்றாக இருக்கும்வரை, அந்தக் கத்தியின் மிக மதிப்புள்ள பகுதி அதுதான்.

பிட்மேன் தண்டைப் பற்றியும் இதே அக்கறை வேண்டும். பழைய மோவர்களில் அது பெரும்பாலும் ஹிக்கரி, ஆஷ் போன்ற உறுதியான மரத்தால் ஆனது. கத்தி கல்லில் சிக்கினால் விலையுயர்ந்த பாகங்கள் நொறுங்குவதற்குமுன் மரம் முறிய வேண்டும் என்பதும் அதன் பயன்களில் ஒன்று. மரத் தண்டு என்பதால் நீளத்தை அளந்து பட்டறையில் செய்துகொள்ளலாம் என்பது மாற்றிப் பூட்டுபவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் நீளம் துல்லியமாக இருக்க வேண்டும். கத்தி தன் ஓட்டத்தின் ஒவ்வொரு எல்லையிலும் நிற்கும்போது பிளேடின் நடுக்கோடு கார்டு விரலின் நடுக்கோட்டோடு ஒன்றிக்க வேண்டும். வேறொரு மோவரின் பிட்மேனை, சற்றே நீளம் குறைவாக இருக்கிறது, பரவாயில்லை என்று போட்டால், பிளேடு ஒருபுறம் விரலைத் தாண்டிப் போகும், மறுபுறம் விரலின் நடுவை எட்டாமலே திரும்பும். அறுபட்ட நிலத்தில் விரல் வரிசைக்கு ஒத்த இடைவெளியில் புல் கோடுகள் எஞ்சி நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். பாரைத் தாங்கும் நுகத்தில் நகர்த்தவோ ஷிம் தகடு வைக்கவோ இடம் கொடுத்திருப்பார்கள், ஆனால் அந்த இடம் தேய்மானத்தை ஈடுகட்டுவதற்கு உரியது. தவறான நீளத்தின் தண்டை அது காப்பாற்றாது.

இதோடு பிணைந்த மற்றொன்று பாரின் முன்சாய்வு. வேலை செய்யும்போது புல்லின் எதிர்ப்பு பாரின் வெளிமுனையைப் பின்னுக்குத் தள்ளும். அதை முன்கூட்டியே ஈடுகட்ட, வெளிமுனை உள்முனையைவிட முன்னே நிற்கும்படி பூட்டுவார்கள். ஒரு அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு, ஆக 7 அடிப் பாருக்கு ஏறத்தாழ 1¾ அங்குலம். அளக்கும்போது வெளிமுனையைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, தளர்வுகள் அனைத்தும் எடுபட்ட நிலையில் அளக்க வேண்டும், இல்லையென்றால் தேய்ந்த கீல் ஊசிகளின் ஆட்டமும் முன்சாய்வாகக் கணக்கில் சேர்ந்துவிடும். வேறு டிராக்டருக்கு மாற்றிய மோவர்களில் முன்சாய்வு போய்விடுவது மிகவும் பொதுவான கோளாறு. இணைப்புப் பிரேம் சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலே பாரின் கோணமும் சேர்ந்து மாறும் என்பதுதான் காரணம். பிட்மேனும் கத்தியும் ஒரே நேர்கோட்டில் ஓடாதபோது கத்தித் தலை ஒருபக்கமாகத் தேயும், சத்தமும் கூடும்.

இனி ஓட்டும் முனைக்கு வருவோம். தவறான இணைப்பு உண்மையிலேயே ஆபத்தாக மாறும் இடம் இது. இன்று பொது அளவாகக் கொள்ளப்படும் பி.டி.ஓ. ஷாஃப்ட் 1⅜ அங்குல விட்டமும் 6 ஸ்பிளைன்களும், அதாவது நீளவாக்கில் வெட்டிய பற்களும், உடையது, நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்வது, டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்வது. பழைய டிராக்டர்கள் எல்லாம் இதற்கு இணங்கியவையல்ல. 1939இல் வந்த ஃபோர்டு 9என், அதன்பின் 2என், 1947 முதல் 1952 வரை செய்யப்பட்ட 8என் ஆகியவற்றின் பி.டி.ஓ. ஷாஃப்ட் 1⅛ அங்குலம் மட்டுமே. 1953இல் வந்த என்.ஏ.ஏ. மாதிரியில்தான் 1⅜ அங்குலம் வந்தது. இதற்கான மாற்று உறை எளிதாகக் கிடைக்கிறது, வேகமும் திசையும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் உறை ஷாஃப்ட்டை நீளமாக்குகிறது. கருவியை மூன்று இடங்களில் பிடித்துத் தூக்கும் மூன்று முனை இணைப்பு மேலே எழும்போது இணைப்புத் தண்டின் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று முழுவதும் புகுந்து, மேலும் புக இடமின்றி இடித்தால், அந்த விசை நேராக டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கிலும் மோவரின் முன் பேரிங்கிலும் விழும். உறையைப் போட்டபின் மோவரைக் கீழ்நிலையிலும் மேல்நிலையிலும் வைத்துத் தண்டின் நீளத்தை அளந்து, தேவையானால் இரு குழாய்களையும் சம அளவில் வெட்டிக் குறைப்பது தவிர்க்கக் கூடாத வேலை.

இந்த 9என், 2என், 8என் ஃபோர்டுகளில் பி.டி.ஓ. கிளட்சுக்குப் பின்னால் கியர்பெட்டி வழியாக ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் சக்கரமும் நிற்கும், கத்தியும் நிற்கும். புல் அடர்ந்து அடைக்கத் தொடங்கும் நேரத்தில் டிராக்டர் நின்று கத்தி மட்டும் ஓட வேண்டும் என்பதே ஓட்டுபவரின் தேவை. இந்த வண்டிகளில் அதற்கு ஒரே வழி, கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, மீண்டும் கிளட்சை விடுவது. மறுபுறம், கிளட்சை மிதித்தபின்னும் கருவியின் சுழலும் எடை கியர்பெட்டி வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளும் அபாயம் உண்டு. சுழல்கத்தி மோவர்களில் இது கடுமையானது. சிக்கிள் மோவரில் சுழலும் எடை குறைவு என்பதால் அவ்வளவில்லை, எனினும் டிராக்டரிலிருந்து கருவிக்கு மட்டும் விசையைக் கடத்தும் ஒருதிசைக் கப்ளர் போடுவதை நான் ஆதரிக்கிறேன், அதுவும் நீளத்தைக் கூட்டும் என்பதை நினைவில் வைத்து. அல்லிஸ்-சால்மர்ஸ் டபிள்யூ.டி. போன்ற, சக்கரத்தை மட்டும் நிறுத்தும் தனிக் கைக் கிளட்ச் கொண்ட டிராக்டருக்கு மோவரை மாற்றிப் பூட்டினால் இந்தத் தொல்லை முழுவதும் நீங்கும், அடர்ந்த புல்லில் அந்த வேறுபாடு முதல் சுற்றிலேயே தெரியும்.

ஃபார்மால் கப் தனிக் கதை. 1947 முதல் 1979 வரை உற்பத்தியான இந்தச் சிறு டிராக்டரின் பி.டி.ஓ. எஞ்சின் வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1600 முதல் 1800 சுற்று ஓடுகிறது, திசையும் பொது அளவுக்கு எதிரானது, ஷாஃப்ட்டும் மெல்லியது. மெல்லிய ஷாஃப்ட்டுக்கு உறை போட்டு 1⅜ அங்குலமாக்கிவிட்டு, 540 சுற்றுக்காகச் செய்த மோவரைப் பூட்டுபவர் அதன் கத்தியை வடிவமைத்த வேகத்தைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டப் போகிறார். பிட்மேன் முறிவது அந்த நிலையில் நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்து உடையக் கூடியவை ஓட்டுபவருக்கு அருகில் இருப்பவை. திசையும் அற்பமானதன்று. கத்தி எப்படியும் முன்னும் பின்னும்தானே ஓடுகிறது என்று வாதிடுபவர்கள், பெல்ட்டின் இறுக்கப் புல்லி தளர்ந்த பக்கத்தில் அமைக்கப்பட்டது என்பதையும் திசை மாறினால் அதே பக்கம் இழுவிசை ஏறும் பக்கமாகிவிடும் என்பதையும் மறக்கிறார்கள். அப்போது புல்லியின் கை உதறும், பெல்ட் வழுக்கும். வேகத்தைக் குறைத்துத் திசையையும் மாற்றும் கியர்பெட்டியை இடையில் வைத்தால் இயலும், ஆனால் அதன் செலவையும் நீளத்தையும் கணக்கிட்டால் கப்புக்கென்று செய்த மோவரைத் தேடுவதே அறிவுடைமை.

அந்த மோவர்தான் கப்-22. வி-பெல்ட் வழியாக ஓடும் இது, கப்பின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்பவே அமைக்கப்பட்டது. கப் சுமார் 10 குதிரைத்திறன் மட்டுமே உடையது என்றாலும், சிக்கிள் மோவர் மிகக் குறைந்த விசை கேட்கும் கருவி என்பதால் இந்தச் சேர்க்கை வெற்றிபெற்றது. வெட்டு அகலத்தில் ஒரு மீட்டருக்குச் சிக்கிள் பார் ஏறத்தாழ 1.2 கிலோவாட் கேட்க, வட்டுகள் சுழலும் இக்கால மோவர் அதைப்போல் சுமார் நான்கு மடங்கு கேட்கிறது. எஞ்சின் இடப்புறமும் இருக்கை வலப்புறமுமாக விலகி அமைந்த கப்பின் வடிவத்தால், ஓட்டுபவர் உடலை முறுக்காமல் பாரைப் பார்த்துக்கொண்டே போகலாம், இந்த வசதியை நான்கில் வேறெதுவும் தருவதில்லை. ஆனால் மாற்றிப் பூட்டுதல் என்ற அளவுகோலில் கப்-22க்குக் கடைசி இடம்தான். அதன் பிரேம் கப்பின் உடலுக்கு உரியது, அதன் புல்லிகள் கப்பின் வேகத்துக்கு உரியவை. 540 சுற்று ஷாஃப்ட்டில் அதே புல்லிகளை வைத்து ஓட்டினால் கத்தி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நகர்ந்து, புல்லை அறுக்காமல் சாய்த்துக்கொண்டே போகும். கப் வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் அதன் பாரையும் கார்டுகளையும் உதிரிக்காக வாங்குவதானால் மட்டும் பேரம் பேசலாம்.

ஃபோர்டு 501 இதற்கு நேரெதிர். மூன்று முனை இணைப்பில் தொங்கும் இந்தப் பின்பக்க மோவர், முதலாம் வகை இணைப்பு உள்ள எந்த டிராக்டரிலும் ஏறிவிடும். கீழ்க் கைகளின் ஊசி ⅞ அங்குலம், மேல் இணைப்பின் ஊசி ¾ அங்குலம் என்ற அளவு நிறுவனங்களைக் கடந்து நிலைத்திருப்பதால், ஃபோர்டிலிருந்து ஃபெர்குசனுக்கோ, பிற்காலச் சிறு டிராக்டர் ஒன்றுக்கோ மாற்ற வெல்டிங் தேவையில்லை. இரண்டாம் வகை இணைப்புள்ள பெரிய டிராக்டரில், கீழ் ஊசி 1⅛ அங்குலமும் மேல் ஊசி 1 அங்குலமும் என்பதால், உறைகள் போட வேண்டியிருக்கும். பெல்ட்டால் ஓடுவதால் கத்தி சிக்கும்போது பெல்ட் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நான்கில் ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால், எந்த டிராக்டர் என்று கேட்காமலே நான் சொல்லக்கூடியது இதைத்தான்.

ஆனால் 501ஐ மூன்று முனையில் ஏற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பார் முழுவதும் வலப்புறம் நீட்டியிருப்பதால் புல்லின் எதிர்ப்பு மோவரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் நிலைப்புத் தண்டுகள் இல்லாத டிராக்டரில் முன்சாய்வு நிலைக்காது. 9என், 2என் ஆகியவற்றின் ஹைட்ராலிக், இழுவிசையை உணர்ந்து உயர்த்தி இறக்கும் ஃபெர்குசன் முறையில் மட்டுமே இயங்குவது, கைகளை ஒரே உயரத்தில் நிறுத்தும் வசதி 8என்னில்தான் வந்தது. எனவே பழைய இரண்டிலும் மோவரின் உயரத்தைச் சங்கிலியாலோ நிலையான தாங்கு தண்டுகளாலோ நிறுத்திக்கொள்ள வேண்டும். கியர் விஷயத்திலும் 9என்னின் மூன்று கியர்களைவிட 8என்னின் நான்கு கியர்கள் இந்த வேலைக்கு இணக்கமானவை. பின்சக்கரங்களின் அகலத்தையும் பார்க்க வேண்டும்: பாரின் உள்முனையைத் தாங்கித் தரையில் சறுக்கும் உள் ஷூ வலச்சக்கரத்தின் தடத்துக்கு வெளியே ஓட வேண்டும். சக்கரங்களை அகலமாக வைத்துப் பயிர்வரிசை வேலை செய்தவர் மோவருக்காக அவற்றை உள்ளிழுக்காவிட்டால், அறுக்காத புல்லை மிதித்துவிட்டு அதன்மேல் பாரை ஓட்டுவார்.

மூன்று முனை இணைப்பே இல்லாத டிராக்டர்களுக்கு ஜான் டீர் எண் 5 மிகப் பொருத்தமானது. டிராக்டரின் பின்னால் இழுவைக் கருவிகளை மாட்டும் டிராபாரில் மாட்டிக்கொண்டு, பின்பாரத்தைத் தானே திரும்பும் காஸ்டர் சக்கரத்தில் தாங்கும் இதன் அமைப்பு, பல நிறுவனங்களின் டிராக்டர்களோடும் சேரும் நோக்கத்தைத் தன்னகத்தே கொண்டது. ஃபார்மால் எச், எம் போன்ற வண்டிகளின் பின்னாலும் அதைக் காண முடிவது இதனால்தான். இங்கே அளக்க வேண்டியது டிராபாரும் பி.டி.ஓ.வும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை. 540 சுற்று இணைப்புக்கு, ஷாஃப்ட்டின் முனையிலிருந்து டிராபாரின் ஊசித்துளைவரை கிடைத்தளத்தில் 14 அங்குலம் என்பது பிற்காலத்தில் நிலைத்த பொது அளவு. பழைய டிராபார்களில் அந்த அளவு கூடியும் குறைந்தும் இருக்கும், இடதுவலமாக ஆடும் டிராபாரை நடுவில் ஊசியிட்டுப் பூட்டவும் வேண்டியிருக்கும். டிராபாரை முன்பின் நகர்த்தி இதைச் சரிசெய்ய முடிகிற டிராக்டரில் எண் 5 எளிதாக அமர்கிறது. முடியாததில், திருப்பத்தில் யுனிவர்சல் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடிந்து தட்டத் தொடங்கும். மாட்டிக் கழற்றும் வேலை 501ஐவிட அதிகம், பின்னோக்கி நகர்த்தும்போது காஸ்டர் சக்கரம் தன் போக்கில் சுழல்வதால் குறுகிய இடங்களில் பொறுமை வேண்டும். இந்தக் குறைகளோடும் அதற்கு இரண்டாம் இடம் கொடுக்கிறேன்.

இன்டர்நேஷனல் 1300 தலைமுறையால் இளையது, அறுப்பதில் நான்கிலும் மேலானது. சமநிலைத் தலை எனப்படும் அதன் இயக்கம், கத்தியின் ஓட்டத்தால் எழும் அதிர்வை எதிர் எடையால் தணிக்கிறது. மாஸி ஃபெர்குசன் 41இன் டைனா-பேலன்ஸ் அமைப்பும் இதே நோக்கில் எழுந்தது. நீண்ட பிட்மேன் தண்டு இல்லை, அதிர்வு குறைவு, வேகமாக ஓட்டினாலும் டிராக்டரின் இருக்கை நடுங்குவதில்லை. ஆனால் இந்த மதிப்பீட்டின் அளவுகோல் வேறு. சமநிலைத் தலையின் உள்ளே இருக்கும் பேரிங்குகளும் அசைவுப் பாகங்களும் அந்த மாதிரிக்கே உரியவை. மரத் தண்டைச் செதுக்கிக்கொள்வதுபோல அவற்றைப் பட்டறையில் உருவாக்க முடியாது, வேறு நிறுவனத்திலிருந்து கடன் வாங்கவும் முடியாது. தலை நல்ல நிலையில் இருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்து, ஆட்டமோ கரகரப்போ இருந்தால், பிரேமும் பாரும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் விலகிவிடுவது நல்லது. இணைப்பு விஷயத்தில் மற்றொரு எச்சரிக்கை: இன்டர்நேஷனல் தன் டிராக்டர்களில் 1950களில் பரப்பிய இரு முனை ஃபாஸ்ட்-ஹிட்ச் அமைப்புக்காகச் செய்யப்பட்ட கருவிகள், மூன்று முனை இணைப்பில் நேராக ஏறாது. அல்லிஸ்-சால்மர்ஸின் ஸ்னாப்-கப்ளர் கருவிகளுக்கும் இதே நிலைதான். மாற்று இணைப்புகள் உண்டு, ஆனால் அவற்றின் விலையையும் மோவரின் விலையோடு கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வெல்டிங் செய்து பொருத்திய மோவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பழைய சந்தையில் அவையே மிகுதி. ஒரு நிறுவனத்தின் பிரேமை வெட்டி மற்றொன்றின் டிராக்டருக்கு ஏற்ற தாங்கியை ஒட்டுவது தன்னளவில் தவறன்று, வெல்டிங் நன்றாக இருந்தால் அது தாங்கும். ஆனால் கட்டர் பார் ஒரு கம்பத்திலோ கல்லிலோ மோதினால் விடுபட்டுப் பின்னோக்கி மடங்கும் தாழ் எல்லா நல்ல மோவர்களிலும் உண்டு. தாங்கியை ஒட்டியவர் அந்தத் தாழையும் சேர்த்து இறுக்கிவிட்டிருந்தால், அல்லது மடங்கும் பாதையில் இரும்பு குறுக்கே நின்றால், அல்லது மடங்கும் தூரத்துக்கு இணைப்புத் தண்டு நீள இடமில்லாமல் போயிருந்தால், மோதலின் முழு விசையும் டிராக்டரின் பின்பெட்டியில் இறங்கும், முன்சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். வாங்குவதற்குமுன், எஞ்சினை நிறுத்தி, பி.டி.ஓ.வை விடுவித்து, பாரின் வெளிமுனையைப் பின்னோக்கித் தள்ளித் தாழ் விடுபடுகிறதா என்று பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்க வேண்டும். துருவேறி இறுகியிருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மீட்டெடுக்க முடியும், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். தாழ் இருந்த இடத்தில் வெல்டிங் தழும்பு மட்டும் தெரிந்தால், அந்த மோவரை உதிரிப் பாகங்களின் விலைக்கு மேல் வாங்க எந்தக் காரணமும் இல்லை.